மிளகோடு போன சொல்

மதினி,

மிளகு வரத்து ஆரம்பித்துவிட்டது. குமுளிப் பக்கத்து முதல் லோடு நேற்று மலையிறங்கி வந்து நம் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறி உச்சந்தலை வரை போகிற அந்த நெடி இருக்கிறதே, அதற்கு நீ மாடியில் இருந்தபடியே தும்முவாய். உன் தும்மலைக் கேட்டால் போதும், லோடு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன் என்று உன்னைக் கேலி செய்வேன். இந்தத் தடவை லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

காலையில் பாண்டியம்மாள் சலிக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் புகார்.

"ஏக்கா, இந்தச் சல்லடை சரியில்லக்கா. நடுவுல குழி விழுந்து கெடக்கு. மிளகு பூராம் அந்தக் குழிக்குள்ளயே ஓடுது. பட்டறையில குடுத்துத் தட்டி நிமித்திருவமா?"

"அது கெடக்கட்டும். குழியில சேர்றதைக் கையால தள்ளிவிட்டுச் சலி" என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் இந்தப் பருவத்துக்குத்தான் வேலைக்கு வந்தவள். அந்தக் குழி எப்படி விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் வீட்டுச் சுவரில் அத்தனை வருஷம் தொங்கிய சல்லடைதான் அது. உனக்குச் சொல்லாமல் எனக்கு எதுவும் முடிந்த மாதிரியே இருப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ மாடிக்குக் குடி வந்த புதிதில் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் திண்டாட்டம். தேனியிலிருந்து ஒற்றைப் பெண்பிள்ளையோடு வந்து இறங்கியவள்; காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிறவள்; புருஷன் இல்லாதவள். டீச்சர் என்றால், "நான் பள்ளிக்கூடத்துலயா இருக்கேன்?" என்றாய். மேடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் நீயே சொன்னாய்:

"மதினின்னு கூப்பிடுங்க. நானும் அப்படியே கூப்பிடுறேன்."

"நான் உங்க அண்ணனைக் கட்டலையே."

"அது அவன் செஞ்ச புண்ணியம்."

வந்து ஒரு வாரம் ஆகவில்லை, வீட்டுக்காரியிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் என் வீட்டுக்காரர் மௌத்தானதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

அந்தச் சொல் நம் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்ததும் இந்தக் கிட்டங்கியில்தான். காலேஜ் விட்டு வந்தவள் மாடிப்படியில் கால் வைக்கப் போய், அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்து நின்றாய். சணல் சாக்கில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்திருந்ததை வாய்விட்டு வாசித்தாய். கார்பிள்டு.

"என்ன மதினி இது, மிளகு உளறுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வார்த்தையை நான் குமுளி வியாபாரிகள் வாயில்தான் கேட்டிருந்தேன். கார்பிள் செய்த மிளகு, கார்பிள் செய்யாத மிளகு. மலையிலிருந்து மிளகோடு சேர்ந்து வந்ததால் அது மலையாள வார்த்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நினைத்திருந்தார். இந்தக் கம்பம் ரோட்டில் மிளகு வாங்கி விற்கிற யாரைக் கேட்டாலும் மலையாளம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"இது இங்கிலீஷு மதினி. போன்ல ஒருத்தன் பேசுறது கொரகொரன்னு பாதி கேட்டும் கேக்காமயும் வருதுல்ல, அதுக்குச் சொல்ற வார்த்தை. ஒருத்தர் சொன்னதைக் குழப்பி, தலைகீழாக்கிச் சொல்றதுக்கும் இதான்."

"அப்படிக் குழம்புனதை எவன் வாங்குவான்? இது காம்பு, தூசி, பொக்கு எல்லாம் போக்கிச் சலிச்ச மிளகு. சலிக்காததை விட இதுக்குத்தான் விலை கூட."

நீ என்னைப் பார்த்தாய், மூட்டையைப் பார்த்தாய். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் மாடிக்கு ஓடி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு தடி அகராதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாய். மூட்டை மேல் வைத்து விரித்தாய். தும்மல் ஒரு பக்கம், பக்கம் புரட்டுவது ஒரு பக்கம். கடைசியில் சின்ன எழுத்தில் இருந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாய். அந்த வினைச்சொல் பிறந்தபோது அதற்கு இருந்த வேலையே மசாலாச் சரக்கைச் சலித்துக் குப்பையைப் போக்குவதுதானாம். அந்த வேலையை மிளகுக்காரர்கள் விடாமல் வைத்திருக்க, மற்றவர்களெல்லாம் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"நல்லது கெட்டது பிரிக்கிற சொல்லு எப்படி மதினி குழப்புற சொல்லாச்சு?" என்று நான்தான் கேட்டேன்.

அதற்கு நீ சொன்ன விளக்கத்தை இன்றைக்கு வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உன் மாமியார் இருந்தாகல்ல, நீ பேசுனதுல நல்லதைப் பூராம் ஒதுக்கிட்டு, தனக்கு வேணுங்கிறதை மட்டும் சலிச்சு எடுத்து உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவாகன்னு சொன்னியே. சலிச்சது உண்மைதான். ஆனா கடைசியில அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது நீ சொன்னதா?" இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்? என் மாமியாரை நீ பார்த்ததே கிடையாது, ஆனாலும் அப்படியே பிடித்துவிட்டாய்.

அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு நாம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே. வேலை ஒழிந்த சாயங்காலங்களில் நீ படியிறங்கி வந்து, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இன்றைக்கு எது வரை போயிருக்கிறாய் என்று சொல்வாய். லண்டனில் மசாலாக் கடைகளுக்குள் நுழைந்து சரக்கைச் சோதிக்க என்றே ஓர் அதிகாரி இருந்தார் என்றாய். நம்ம ஊர் ஃபுட் இன்ஸ்பெக்டர் மாதிரியா என்று கேட்டேன். அவர் பதவிக்குப் பெயரே இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது என்றாய்.

"அப்பவே மிளகுல பப்பாளி விதையைக் கலந்தாகளா?"

"பப்பாளி அந்தப் பக்கம் போகாத காலம் மதினி. கல்லு மண்ணுன்னு என்ன கிடைச்சுச்சோ அதைக் கலந்திருப்பாக."

லண்டன்காரனுக்கு அந்தச் சொல் பிரெஞ்சு பேசின வியாபாரிகளிடமிருந்து வந்தது. அவர்களுக்கு இத்தாலித் துறைமுகத்துக்காரர்களிடமிருந்து. இத்தாலிக்காரனுக்கு, நம் கடலில் மிளகு ஏற்றிக்கொண்டு போன அரபு வியாபாரிகளிடமிருந்து. மிளகு கைமாறின இடத்திலெல்லாம் சொல்லும் கைமாறியிருக்கிறது. மிளகோடு லண்டன் வரை போன சொல், பிறகு இங்கிலீஷ்காரனோடு கப்பலேறித் திரும்பி வந்து, கடைசியில் கம்பமெட்டு ஏறி இறங்கி, என் வீட்டுச் சாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை மலையாளம் என்று நினைத்து நான் பாட்டுக்கு வியாபாரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அரபியில் சல்லடைக்குக் கிர்பால் என்று பெயர் என்று சொன்ன அன்று நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்: "நீதான் தினம் அரபி ஓதுறியே, இந்த வார்த்தை உனக்குத் தெரியாதா?"

"ஓதத்தான் தெரியும். அர்த்தம் தெரியாது" என்றேன்.

 சொன்ன பிறகு எனக்கே உறுத்தியது. சிறுபிள்ளையிலிருந்து நாவில் வைத்திருக்கிற மொழியில் ஒரு சல்லடைக்குப் பெயர் தெரியவில்லையே. சவூதியில் மளிகைக் கடையில் இருக்கிற என் அக்கா மகனுக்கு அன்றே வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். அவன் யாரிடமோ விசாரித்துப் பதில் பேசினான்.

"சின்னம்மா, இங்கன மாவு சலிக்கிறதுக்கு முன்கல்னு சொல்றாக. தானியம் சலிக்கிற பெரிய ஓட்டைச் சல்லடைக்குத்தான் கிர்பால். உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? சல்லடை வேணும்னா நம்ம தேனியிலயே வாங்கலாமே."

அதை உனக்குப் போட்டுக் காட்டினபோது நீ சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாய். மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டாய். மாவுக்கு வேறு, மிளகுக்கு வேறு என்று அவர்களும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இங்கிலீஷ்காரன் வாயில் இருக்கிறது நம்ம அரபிச் சொல் என்று. என்னமோ நானே கப்பலில் ஏற்றி அனுப்பின மாதிரி. அந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருக்கும்போதுதான், நோன்பு மாதத்தில் ஒரு நாள் நீ படியிறங்கி வந்து குண்டைப் போட்டாய்.

"மதினி, கோவிச்சுக்காத. அரபிக்காரனே அதை லத்தீன்காரன்கிட்ட இருந்து வாங்கிருப்பான்னு சில பேரு சொல்றாக. அங்கன கிரிபெல்லும்னா சின்னச் சல்லடை. கேட்டா ஒண்ணு மாதிரியே இருக்குல்ல?"

"போதும், உன் அகராதியை மூடு" என்றேன்.

நோன்பு திறக்கிற நேரம் நெருங்கி, வயிறும் மூளையும் காய்ந்து கிடக்கிற பொழுதில் வந்தா இதைச் சொல்வது? அன்றைக்கு உன் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டேன். ஆனால் உனக்குப் பிடித்த வடையை வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. லத்தீன்காரன் கொண்டுவந்து தரட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புகிற வழக்கம் கிடையாதே. கஞ்சிப் பாத்திரம் நிறையப் பன்னீர் திராட்சையைப் போட்டு உன் மகளிடம் கொடுத்துவிட்டிருந்தாய். அப்போது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை நீட்டிவிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி நின்று சொன்னாள்:

"அத்தை, அம்மா சொல்லச் சொன்னாக. அரபியோ லத்தீனோ, ரெண்டு ஊர்லயும் சல்லடையை ஆட்டுனது பொம்பளைகதானாம்."

இதற்கு மேல் யாரால் கோபமாக இருக்க முடியும்? மறுநாள் வடையை இரண்டு பங்காக வைத்தேன். பெருநாளைக்குப் பிரியாணிச் சட்டியோடு ஒரு பழைய சல்லடையையும் கொடுத்துவிட்டேன், ஓட்டை போட்ட தகரமும் மரச்சட்டமுமாக, என் வீட்டுக்காரர் காலத்துச் சல்லடை. நீ அதை உன் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினாய். உன் தம்பி வந்திருந்தபோது, "சாமி படம் மாட்டுற இடத்துல சல்லடையை மாட்டிருக்க?" என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றாயாம்.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடின. உன் மகள் படித்து, வேலைக்குப் போய், உன்னை விட உயரமாக வளர்ந்து நின்றாள். நீ மெலிய ஆரம்பித்தாய். கேட்டால் மிளகுத் தூசி என்றாய். மிளகுத் தூசியா ஆளை இப்படி உருக்கும்? என்னோடு வா என்று நான்தான் உன்னைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அந்தக் கார்ப் பயணங்களில்தான் நாம் அதிகம் பேசினோம். சின்னமனூர் தாண்டி, வாழைத் தோட்டத்து ஈரக்காற்று அடிக்கிற இடத்தில் கண்ணாடியை இறக்கச் சொல்வாய். டாக்டர் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்ட நாளன்றும் இறக்கச் சொன்னாய்.  திரும்பி வரும்போது, வாழைத் தோட்டம் வந்ததும் நீ பேசினாய்.

"ரெண்டு வேலை பாக்கி இருக்கு மதினி. ஒண்ணு இவ கல்யாணம். மேளம் கொட்டி, நம்ம வீட்டு வாசலே அதிரணும். எனக்கு ஊமைக் கல்யாணம். எங்க அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம்னு மேளமே வைக்கல. இவளுக்கு அப்படி நடக்கக் கூடாது."

"இன்னொண்ணு?"

"நம்ம வார்த்தை."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உயிர் ஊசலாடுகிற நேரத்தில் ஒரு சல்லடையைப் பற்றிக் கவலைப்படுகிறவளை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? நீ பாட்டுக்கு, வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாய்.

"அரபிக்காரன் குடுத்தானா, லத்தீன்காரன் குடுத்தானான்னு எனக்கு இனி தெரியப் போறதில்ல. ஆனா ஒண்ணு கேட்டுச் சொல்லு. அரபியில அந்தச் சொல்லு சலிக்கிற வேலையைத் தவிர வேற வேலை பாத்துருக்கா? ஒரு ஊர்ல ஒரு சொல்லு நாலு வேலை பாத்துச்சுன்னா, அது அங்கன ரொம்பக் காலமா குடியிருக்குன்னு அர்த்தம். விருந்தாளி வேலை பாக்க மாட்டான்ல."

கேட்கிறேன் என்றேன். பெண்கள் மதரஸாவில் பாடம் எடுக்கிற ஆலிமா ஒருத்தி இருக்கிறாள், உன் மகளை விடச் சின்னவள். அவளிடம் போய் நின்றேன். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். அவளுக்கு அப்போது பரீட்சை நேரம். எனக்கு அவசரம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால், ஏன் அவசரம் என்பதையும் சொல்ல வேண்டுமே.

கல்யாணப் பேச்சையும் உன் தம்பி முடுக்கினார். மாப்பிள்ளை முடிவாகி, ஆவணியில் நாள் குறித்தார்கள். நீ வைகாசியிலேயே கிளம்பிவிட்டாய்.

முந்தின நாள் நான் கூடத்தில் போட்டிருந்த உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் சல்லடை. ஜன்னல் வெயில் அதன் ஓட்டைத் தகரத்தில் பட்டுத் தெறித்து, உன் போர்வை மேலெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. "கேட்டியா?" என்றாய், காற்று மாதிரிக் குரலில்.

"அந்தப் பிள்ளை கிதாபைப் பாக்குறேன்னு சொல்லிருக்கு."

"சரி. மெதுவாப் பாக்கட்டும். எனக்குத்தான் அவசரம், வார்த்தைக்கு என்ன அவசரம்?"

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. எனக்கு உன் மேல் கோபம் வந்தது மதினி. இன்னும் நாலு நாள் இருந்திருக்கக் கூடாதா?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, ஆலிமா என் வீட்டுக்கு வந்தாள். துக்கம் நடந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பெரிம்மா, நீங்க கேட்டது கிடைச்சிருச்சு. அந்தக் கிர்பாலுக்கு இன்னொரு பொருளும் இருக்கு. தஃப் இருக்குல்ல, பாட்டுப் பாடிட்டு வர்ற பக்கீர்சாக்க கையில வச்சுத் தட்டுவாகல்ல, வட்டச் சட்டத்துல ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்துனது. அதையும் கிர்பால்னு சொல்லிருக்காக. சல்லடைக்கும் அதே மாதிரி சட்டம்தான, அதனால வந்த பேரு. கல்யாணம் நடந்ததை ஊருக்குத் தெரியப்படுத்துறதுக்கு அதைத் தட்டுவாகளாம்."

நான் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். கேட்கச் சொன்னவள் இல்லை. இன்னொரு வேலை பார்த்திருக்கிறது மதினி, நீ சொன்ன மாதிரியே, விருந்தாளி பார்க்க மாட்டாத வேலை. அதற்காக அரபிதான் ஆதி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. லத்தீன்காரி சார்பில் நீ வந்து சண்டை போட முடியாதபோது நான் மட்டும் ஜெயித்து என்ன செய்ய? அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் போன பிறகுதான் அழுதேன்.

ஆவணியில் குறித்த நாளிலேயே கல்யாணம் என்றார் உன் தம்பி. வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் எப்போது நடக்குமோ என்று அவருக்குப் பயம். உன் வீட்டுக் கூடத்திலேயே, நெருங்கின சொந்தத்தோடு. எல்லாம் சரிதான். ஆனால் மேளம் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே அவரிடம் போனேன். "கெட்டிமேளம் இல்லாம தாலியா தம்பி? உங்க அக்கா கார்ல வச்சு என்கிட்ட வாய்விட்டுச் சொன்னதாச்சே."

"எனக்கு மட்டும் ஆசையில்லயாக்கா?" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா போயி மூணு மாசம் ஆகல. சம்பந்தி வீட்ல பெரியவுக இருக்காக. துக்க வீட்டுல மேளமான்னு நாலு பேரு பேசுவாக. பிள்ளை அங்கன போயி வாழணும்ல."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. வாழப் போகிற பிள்ளைக்கு நான் ஒரு பேச்சை வாங்கிக் கொடுக்க முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று உன் மகள் உன் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். மணவறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உன் மேஜையை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் மனைப்பலகை போட்டிருந்தார்கள். நான் ஒதுங்கி, சுவரோரமாக நின்றேன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வாங்கினார். அந்த நேரத்தில் கூடமே மௌனமாகிவிட்டது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. தெருவில் மீன்காரன் போகிற சத்தம் கேட்கிறது. உன் மகள் குனிந்த தலையை நிமிர்த்தினாள். எதையோ தேடுகிற மாதிரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை வந்து என்னிடம் நின்றது. நிறைந்த கண்.  அவளும் ஊமையாகத்தான் தாலி வாங்கப் போகிறாள்.

என் தலைக்கு மேலே ஆணியில் உன் சல்லடை.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். எட்டி எடுத்தேன். சட்டத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தகரத்தில் ஓங்கித் தட்டினேன். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஓட்டைத் தகரம் என்ன பெரிய சத்தம் போடும் என்று நினைப்பாய். போட்டது மதினி. டொம்மென்றும் இல்லாமல், ஜல்லென்றும் இல்லாமல், ஒரு சத்தம். மறுபடி தட்டினேன். ஓட்டைகளில் ஒளிந்திருந்த பழைய மிளகுத் தூசி கிளம்பி, முன்வரிசையில் இருந்த சம்பந்தியம்மாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மல் கேட்டால் அபசகுனம், அதை அமுக்கத்தானே கெட்டிமேளம் என்று நீதானே எனக்குச் சொல்லியிருக்கிறாய்? அப்புறம் எங்கே நிறுத்துவது? கை முட்டியை மடக்கிக்கொண்டு தகரத்தில் குத்தினேன்.

உன் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். பிடுங்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நானும் விடுவதாக இல்லை. பக்கத்தில் வந்து நின்று, குரல் உடைய, "நல்லாத் தட்டுங்கக்கா" என்றார்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "இது என்ன மேளம்?" என்று கேட்டார்.  உன் மகள்தான் மனைப்பலகையில் இருந்தபடியே, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "எங்க அம்மா சல்லடை தாத்தா." அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், என் துப்பட்டியைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அட்சதையைப் போட்டார். மூன்று முடிச்சும் விழுகிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

முட்டி வீங்கி, ஒரு வாரம் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. உன் மகளிடம் பிறகு எல்லாம் சொன்னேன், ஆலிமா வந்ததையும் அவள் சொன்னதையும். புருஷனோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது உன் புத்தகங்களைக் காலேஜுக்குக் கொடுத்துவிட்டு, அகராதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். சல்லடையை என்னிடம் நீட்டினாள். "இதைச் சுவத்துல மாட்டாதீங்க அத்தை. வேலைக்குப் போடுங்க" என்றாள். பேச்சு அப்படியே உன் பேச்சு.

அதனால்தான் அது மறுபடி கிட்டங்கிக்கு இறங்கி வந்திருக்கிறது. வாயைத் திறந்தால் இப்போது எனக்கு எந்தச் சொல்லும் சும்மா வருவதில்லை. கிட்டங்கி என்கிறோமே, அது யார் கொண்டுவந்தது, மூட்டை என்கிறோமே, அதற்கு முன்னால் அது யார் வீட்டில் இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பாண்டியம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள். ஆலிமாவிடம் வாரத்தில் இரண்டு நாள் அர்த்தத்தோடு பாடம் கேட்கப் போகிறேன், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து. நீ இருந்திருந்தால் என்னை ஓட்டித் தள்ளியிருப்பாய்.

இதோ, சாயங்கால வெயில் கிட்டங்கிக்குள் வந்துவிட்டது. பாண்டியம்மாள் முனகிக்கொண்டே சலிக்கிறாள். மிளகு உருண்டு உருண்டு என் முட்டி பட்டு விழுந்த குழியில் போய்ச் சேருகிறது. அவள் கையால் தள்ளிவிடுகிறாள். மறுபடி அங்கேயே போகிறது. அதை நிமிர்த்தக் கொடுக்க மாட்டேன்.

சலிக்கிறதைத் தவிர வேறு வேலை பார்த்திருக்கிறதா என்று கேட்டாயே. பார்த்தது மதினி. உன் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தது.